ஐந்நூறு புள்ளிப் பாலம்

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் வீடியோ விளையாட்டுக்குப் புகழ்மாலை சூட்ட வந்துவிட்டானே என்று உங்களுள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். சஃபர் போன நம் பெரியவர்களைப் பற்றியும், அவர்கள் அனுப்பிய கடிதங்களைப் பற்றியும், கட்டிய பள்ளிவாசல்களைப் பற்றியும் எத்தனையோ பேர் உருக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகளில் வந்திறங்கிய விளையாட்டுப் பொருளைப் பற்றி எவரும் எழுதக் காணோம். ஆகவே நான் எழுதத் துணிந்தேன்.

அதன் பெயர் ‘ரிவர் ரெய்டு’. ஆற்றின் மேல் ஒரு போர் விமானம் பறக்கும். எதிர்ப்படும் கப்பல்களையும் ஹெலிகாப்டர்களையும் பாலங்களையும் சுட்டுத் தகர்த்தபடியே முன்னேற வேண்டும். கதை அவ்வளவே. அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் 1982-இல் அட்டாரி 2600 என்னும் விளையாட்டுப் பொறிக்காக இதனை வெளியிட்டது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது 1989-இல். குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த சாச்சாவின் பெட்டியில், டாங் டப்பாவுக்கும் கோடாரித் தைலத்துக்கும் நடுவே இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஐயம்பேட்டை, வழுத்தூர், பண்டாரவாடை, இராஜகிரி என்று தொடரும் நம் ஊர்களை அறிந்தவர்களுக்கு அந்நாளைய வீடுகளை வருணிக்கத் தேவையில்லை. கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் நெல்வயல், வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்த நாட்டில். எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிதான். ஆண்டெனாக் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் பொறியின் கம்பியைச் செருகி, குமிழைத் திருகித் திருகி அலைவரிசையைப் பிடித்தால் இரைச்சல் அடங்கி ஆறு தெரியும். ஆறும் சாம்பல் நிறம், கரையும் சாம்பல் நிறம். ஒன்று சற்று வெளிறியது, மற்றது சற்று கருத்தது. நெடுநாள் கழித்து வேறொரு வீட்டுக் கலர் டி.வி.யில் பார்த்தபோதுதான் ஆறு நீலமென்றும் கரை பச்சையென்றும் அறிந்தேன். எனக்கு வியப்பு உண்டாகவில்லை. என் மனத்தில் அது முன்பே அந்த நிறத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களைப் போன்ற ஆற்றங்கரைப் பிள்ளைகளை அந்த விளையாட்டு ஏன் அப்படிக் கட்டிப்போட்டது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது சற்றுக் கடினம். அந்த ஆறு போகப் போகக் குறுகும், பிறகு அகலும், திடீரென்று இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டுச் செல்லும், மீண்டும் ஒன்று சேரும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, நடுவே ஸ்ரீரங்கத்தைத் தீவாக விட்டு, கல்லணைக்கு அருகில் மறுபடியும் நெருங்கி வருவதைப் போலவே! கல்லணைக்குக் கிழக்கே வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன் என்று நம் ஆறு கிளைத்துக்கொண்டே போகிறது அல்லவா? திரையில் வரும் ஒவ்வொரு பிரிவுக்கும் நாங்கள் அந்தப் பெயர்களையே சூட்டினோம். “குடமுருட்டியிலே போகாதேடா, அங்கே ஹெலிகாப்டர் நிக்குது” என்று பின்னாலிருந்து கூச்சல் எழும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை ஒரு நொடியில் முடிவு செய்தாக வேண்டும். கைப்பிடியை முன்னால் தள்ளினால் விமானம் விரையும். பின்னால் இழுத்தால் மெதுவாகும். நிற்பது என்பது கிடையாது. கரையைத் தொட்டால் நொறுங்கிவிடும்.

ஆனால் அந்த விளையாட்டின் உயிர்நிலை எரிபொருளில் இருந்தது. திரையின் அடியில் ஓர் அளவுமானி. அதன் முள் நிறைவிலிருந்து வெறுமையை நோக்கி ஓயாமல் நகரும். கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த என் பாட்டனார், நாள்தோறும் செய்தித்தாளில் முதலில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தேடிப் படிப்பவர், ஒருநாள் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னப்பா இது, மேட்டூர் மாதிரி இறங்கிக்கிட்டே இருக்குதே!” என்றார். ஆற்றில் ஆங்காங்கே எரிபொருள் கிடங்குகள் வரும். அவற்றின் மேல் எஃப், யூ, ஈ, எல் என்று நான்கு எழுத்துகள் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் எனக்குக் கற்பிப்பதற்கு முன்பே நான் கற்றுக்கொண்ட ஆங்கிலச் சொல் அது. கிடங்கின் மேலே பறந்தால் எரிபொருள் ஏறும். மெல்லப் பறந்தால் மிகுதியாக ஏறும்.

இங்கேதான் ஒரு சூழ்ச்சி. அதே கிடங்கைச் சுட்டுவிட்டால் 80 புள்ளிகள் கிடைக்கும். கப்பலுக்கு 30, ஹெலிகாப்டருக்கு 60, ஜெட் விமானத்துக்கு 100, பாலத்துக்கு 500. தன்னை மேலே தாங்கி நிற்கும் ரிஸ்கையே சுட்டுப் புள்ளியாக்கிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டி, அடுத்த வளைவில் வெறும் தொட்டியோடு விழவைக்கும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர் மனித மனத்தை நன்றாக அறிந்தவர் என்றே நினைக்கிறேன். ஆண்பிள்ளைகளாகிய நாங்கள் கிடங்குகளை விட்டுவைப்பதில்லை. என் அக்கா ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. எங்களைவிட வெகுதொலைவு போனவரும் அவர்தான்.

செய்தவர் யார் என்பதை நான் அறிந்தது பிற்காலத்தில். கரோல் ஷா என்னும் பெண்மணி. 1955-இல் பிறந்தவர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணினியியலும் பயின்றவர், அட்டாரி நிறுவனத்தில் 1978-இல் சேர்ந்தவர். ஆடவரே நிறைந்திருந்த அத்துறையில் முதன்முதலில் பணிபுரிந்த பெண்களுள் ஒருவர். அவருக்குக் கிடைத்த இடமோ மிகமிகச் சிறிது. விளையாட்டு முழுவதும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பொறியின் தற்காலிக நினைவகம் 128 பைட்டுதான். அவ்வளவு நீண்ட ஆற்றை அதற்குள் எப்படி வைப்பது? அவர் ஆற்றை வைக்கவேயில்லை. ஆற்றை உண்டாக்கும் விதியை மட்டும் வைத்தார். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் கணக்கு ஒன்று. அந்த எண்ணைக் கொண்டு அடுத்த வளைவு, அடுத்த தீவு, அடுத்த கப்பல். தொடங்கும் எண் மாறாததால் உலகில் எந்த வீட்டில் விளையாடினாலும் அதே ஆறுதான் வரும். திரையின் ஒரு பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கச் செய்ததால்தான் இருகரைகளும் ஒத்திருந்தன, தீவுகளும் நட்டநடுவில் அமைந்தன.

எங்கள் மத்ரஸாவில் ஸர்ஃபு பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ‘நஸர’ என்ற மூன்று எழுத்து மூலத்தையும் வாய்பாட்டையும் அறிந்த மாணவன் இறந்தகால வினையின் பதினான்கு வடிவங்களையும் தானே சொல்லிவிடுவான். பதினான்கையும் ஏட்டில் சுமக்கத் தேவையில்லை. கரோல் ஷா செய்ததும் ஏறக்குறைய அதுவே. 1984-இல் அவர் ஆக்டிவிஷனை விட்டு விலகினார். 2017-இல் அமெரிக்காவில் நடந்த விளையாட்டு விருது விழாவொன்றில் அவரை மேடையேற்றிக் கௌரவித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து!

இனி, இதனை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

1990 ஆகஸ்டு 2-இல் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. சாச்சா அங்கே இருந்தார். கடிதம் நின்றது, தொலைபேசி நின்றது. தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பெரியும் நேரம் ஒழுங்காக இல்லை. அம்மா அந்தப் பொறியைப் பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். பிள்ளைகள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நாட்களில் ஜோர்டானின் தலைநகரான அம்மானிலிருந்து இந்திய விமானங்கள் ஏறத்தாழ 1,70,000 பேரைத் தாயகம் கொண்டுவந்து சேர்த்தன. பஸ்ரா, பக்தாத் வழியாகப் பாலைவனத்தைப் பேருந்தில் கடந்து அம்மானை அடைந்த சாச்சாவும் அவர்களுள் ஒருவராகச் செப்டம்பர் மாத இறுதியில் வீடு திரும்பினார். கையில் ஒரு தோல்பை மட்டும். அல்ஹம்துலில்லாஹ், ஆள் வந்தாரே!

1991 ஜனவரியில் ஈராக்கின் மீது வான்தாக்குதல் தொடங்கியது. விமானத்திலிருந்தே எடுத்த படங்களைச் செய்திகளில் காட்டினார்கள். சாம்பல் நிறத் திரை, நடுவில் குறுக்குக் கோடு, கீழே ஆறு, ஆற்றின் குறுக்கே பாலம். எனக்கு நன்கு பழகிய காட்சி! அம்மாத இறுதியில் அமெரிக்கத் தளபதி நார்மன் ஷ்வார்ஸ்காஃப் செய்தியாளர் கூட்டத்தில் இத்தகைய படமொன்றைப் போட்டுக் காட்டினார். ஒரு வாகனம் பாலத்தைக் கடந்து முடிக்கிறது. அடுத்த கணம் பாலம் வெடித்துச் சிதறுகிறது. அந்த வாகன ஓட்டியை ஈராக்கிலேயே மிகப் பெரிய அதிர்ஷ்டசாலி என்று அவர் வருணிக்க, கூடியிருந்தோர் சிரித்தார்கள். அடுத்த மாதம் நாஸிரிய்யா நகரில் புராத்து நதிப் பாலம் தாக்கப்பட்டபோது அதன்மேல் நடந்துகொண்டிருந்த பொதுமக்கள் பலர் மாண்டனர். அவர்களைப் படம் பிடித்து எவரும் மேடையில் காட்டவில்லை.

எங்கள் வீட்டுத் திரையில் பாலமொன்று விழுந்த அன்று சாச்சாவும் கூடத்தில் இருந்தார். “இந்த மாதிரிப் பாலத்துலதான் எங்க பஸ்ஸு அரைநாள் நின்னுச்சு. ஒரு கிழவி குடத்துல தண்ணி கொண்டாந்து ஆளுக்கொரு வாய் குடுத்துச்சு” என்றார். வேறொன்றும் சொல்லாமல் எழுந்து தொழப் போய்விட்டார்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளன்று பொறியைப் பரணிலிருந்து இறக்கியவரும் அவரே. தம் கையாலேயே கம்பியைச் செருகி, “விளையாடுங்கப்பா” என்றார். எங்கள் வற்புறுத்தலுக்காகத் தாமும் கைப்பிடியைப் பிடித்தார். கப்பல்களைச் சுட்டார், எரிபொருளை ஒழுங்காக நிரப்பினார், முதல் பாலம் வந்தது. பாலத்தைத் தகர்க்காமல் அந்த விளையாட்டில் மேலே போக முடியாது. சாச்சா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். விமானம் பாலத்தில் மோதி நொறுங்கியது. சிரித்துக்கொண்டே கைப்பிடியை என்னிடம் தந்தார். பிறகு எப்போது விளையாடினாலும் அவர் ஆட்டம் முதல் பாலத்தோடு முடிந்துவிடும்.

மேற்கு ஜெர்மனியில் இளைஞர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு 1984-இல் இதே விளையாட்டைச் சிறுவர்க்கு விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. போர்ப்பயிற்சிக்கு ஒப்பானது, பிள்ளைகளை மூர்க்கராக்கும் என்பது அவர்கள் கூறிய காரணம். 2002-இல்தான் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பெரியவர்களின் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிள்ளைகளோடு நாள் முழுதும் இருப்பவனுக்கு அந்தக் கவலை புரியும். ஆயினும் என் அனுபவம் வேறு. ஒன்பது வயதில் 500 புள்ளிக்காகப் பாலத்தைச் சுட்ட நான், அது அட்டைப் பெட்டியில் வந்த ஆறு என்பதை ஒருகணமும் மறந்ததில்லை. மெய்யான பாலம் விழுந்ததைக் கண்டு சிரித்தவர்கள் அனைவரும் வளர்ந்தவர்கள்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைக்கிறேன். பெருமானார் (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பிய வேளை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு இடையே துணியால் ஆன இரு சிறகுகள் உடைய குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னை மறுமொழி கூற, கடைவாய்ப் பற்கள் தெரிய நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். மெய்யான படையெடுப்பிலிருந்து திரும்பியவர் சிறகு முளைத்த விளையாட்டுப் பொருளைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்குப்பின் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்களோ ஷாம் நாட்டுக்குப் படையனுப்பும்போது பெண்களையும் சிறுவரையும் முதியோரையும் கொல்லாதீர், கனி தரும் மரத்தை வெட்டாதீர் என்ற பொருள்படக் கட்டளையிட்டதை முவத்தா கூறுகிறது. பிள்ளையின் கையில் இருக்கும் பொம்மைக்கு ஒரு கண், படைவீரன் கையில் இருக்கும் வாளுக்கு ஒரு கண் என்று அவர்களிடம் இரண்டு பார்வைகள் இருந்தன. நம் காலத்தில் இரண்டும் ஒரே திரையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் பிரிவு அமைந்தது முதல் எங்கள் வானத்தில் இடிபோன்ற ஓசை புதிதல்ல. ஓசை கேட்டால் மாணவர்கள் கிதாபை விட்டுவிட்டுச் சன்னலுக்குப் பாய்கிறார்கள். நான் தடுப்பதில்லை. வகுப்பு முடிந்தபின் அவர்களுள் சிலருக்கு என் கைபேசியில் ‘ரிவர் ரெய்டு’ காட்டினேன். படம் இவ்வளவு மோசமாக இருக்கிறதே என்று முதலில் இரக்கப்பட்டார்கள். கால் மணி நேரத்தில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். பாலத்தருகே வந்தபோது சாச்சாவின் கதையைச் சொன்னேன். ஒருவன் மட்டும் சுடாமல் மோதிப் பார்த்தான். மற்றவர்கள் சுட்டார்கள்.

“இந்த ஆறு கடைசியிலே கடலுக்குப் போகுமா, உஸ்தாத்?” என்று கேட்டான் இன்னொருவன். போகாது. அதற்கு முடிவே இல்லை. பத்து இலட்சம் புள்ளியை எட்டினால் எண்கள் மறைந்து ஆறு வியப்புக்குறிகள் தோன்றும், ஆட்டம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அந்தக் குறிகளை யாரும் கண்டதில்லை. அக்கா எடுத்த 43,270-தான் மிக அதிகம். அதை அவர் அடுப்பங்கரைக் கதவின் உட்புறம் கரிக்கட்டியால் எழுதி வைத்தார். கதவுக்குச் சாயம் பூசும் போதெல்லாம் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடும்படி அம்மா ஆளிடம் சொல்லிவிடுவார்.