செலிம் கணவாய்ச் சாவடி

ஆர்மீனிய நாட்டின் துறவியர் மடங்கள் ஊர் நடுவில் நிற்பவை அல்ல. ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பிலும், பாறை முகட்டிலும், காட்டின் உள்மடிப்பிலும் அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். படையெடுத்து வருகிறவன் எளிதில் எட்டிவிடக் கூடாது. தேடி வருகிற அடியவனுக்கோ வழி அடைபட்டிருக்கக் கூடாது. இவ்விரண்டையும் எண்ணி வகுத்த தொலைவு அது. காரில் போகிறவர் அந்தத் தொலைவை உணராமலே வாயிலில் போய் இறங்கிவிடுகிறார். நடந்து போகலாம் என்றால் விடுப்பு நாட்கள் போதா. அகன்ற டயரும், பல கியர்களும், முன்சக்கரத்தின் மேல் அதிர்ச்சி தாங்கும் வில்லும் வைத்து மலைப்பாதைக்கென்றே செய்யப்படும் மிதிவண்டி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஏற்றத்தில் அது கோவேறு கழுதையின் நடையை மிஞ்சுவதில்லை. பழைய வணிகக் கூட்டத்தார் எந்த வேகத்தில் அந்த மலைகளைப் பார்த்தார்களோ, ஏறத்தாழ அதே வேகத்தில் நாமும் பார்க்கலாம்.

மதரஸாவில் அரபு இலக்கணம் ஓதிக்கொடுக்கும் ஐம்பது கடந்த ஒருவருக்கும் மலைமிதிவண்டிக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்பது நியாயமே. முப்பது ஆண்டுகளாக வீட்டிலிருந்து மதரஸாவுக்குப் போய்வருவது மிதிவண்டியில்தான். அந்த உறவு போதும் என்று யாம் கருதினோம். எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஷார்ஜாவில் கணக்கெழுதும் பணியில் இருக்கிறார். 2024 செப்டம்பரில், உம்ரா முடித்து அவரிடம் சில நாட்கள் தங்கியிருந்தபோது, "ஹஜ்ரத், ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டேன். மறுக்காமல் வாருங்கள்" என்று பயணச்சீட்டை முன்னே வைத்தார். யெரெவான் நகரில் இறங்கி, வாடகைக்கு இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டோம்.

யெரெவானில் ஒரு காலத்தில் பள்ளிவாசல்கள் பல இருந்தன. இன்று தொழுகை நடப்பது ஒன்றில்தான். 18ஆம் நூற்றாண்டில் எழுந்த நீலப் பள்ளிவாசல் அது. சோவியத் ஆட்சியில் அருங்காட்சியகமாக இருந்து, 1990களில் ஈரானின் பொருளுதவியால் புதுப்பிக்கப்பட்டது. ஜும்ஆவை அங்கே தொழுதுவிட்டுப் புறப்பட்டோம்.

முதலில் கார்னி. அங்குள்ள ஆற்றுப் பள்ளத்திற்கு அப்பால் கொஸ்ரோவ் வனக் காப்பகம் விரிகிறது. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட கொஸ்ரோவ் என்னும் மன்னன் நட்டு வளர்த்த காடு என்பது மரபு. 1958இல் அதைக் காப்பகமாக்கினார்கள். சிறுத்தையும் காட்டாடும் பழுப்புக் கரடியும் அங்கே வாழ்கின்றன. நம் கண்ணில் பட்டது ஒரு கழுகு மட்டுமே. ஹவுத்ஸ் தார் என்னும் பாழடைந்த மடத்துக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு நடந்தே போனோம். விலங்குகளின் வீட்டில் சக்கரத்துக்கு என்ன வேலை?

தெற்கே நொரவாங்க் மடத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. செம்பாறைச் சுவர்களுக்கிடையே அதன் அழகை அவர்களே சொல்லட்டும். எம்மை ஈர்த்தது அதற்கு வடகிழக்கே உள்ள யெகெகிஸ் பள்ளத்தாக்கு. அங்கே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஒரு தேவாலயம் உண்டு. சோரத்ஸ் என்பது பெயர். படையினர்க்குரியது என்று பொருள். பிற தேவாலயங்களைப் போல மக்கள் நிற்கும் கூடம் அதற்கு இல்லை. பலிபீடம் வெளியே திறந்த முற்றத்தை நோக்கி இருக்கிறது. போருக்குப் போகும் குதிரை வீரர்கள் சேணத்தை விட்டு இறங்காமலே ஆசி பெற்றுப் போவதற்காம். எம் மாணவர் மிதிவண்டியில் அமர்ந்தபடியே அந்த முற்றத்துக்குள் வந்து, "நம்மைப் போன்றவர்களுக்கென்றே கட்டியிருக்கிறார்கள், ஹஜ்ரத்" என்றார். கீழே இறங்கும்படி சொன்னோம்.

அதே ஊரில் ஆற்றுக்கு அக்கரையில் யூதர்களின் பழைய அடக்கத்தலம் ஒன்று 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. 13, 14ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். ஈபுரு மொழியிலும் அரமேய மொழியிலும் பொறிப்புகள். அந்த எழுத்தை எழுத்துக்கூட்டவும் எமக்குத் தெரியாது. ஆனால் அரபு ஓதியவனுக்கு அம்மொழிகள் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். புல்லுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு கல்லின் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றோம்.

இனிக் கணவாய். ஆர்மீனியர் அதை வர்தென்யாத்ஸ் என்கிறார்கள். பழைய பெயர் செலிம். உயரம் 2,410 மீட்டர். கீழே யெகெக்நாத்ஸோர் நகரத்திலிருந்து கணக்கிட்டால் ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 1,200 மீட்டர். மரம் கிடையாது, காய்ந்த புல்லும் கருங்கல்லுமாகச் சாலை வளைந்து வளைந்து மேலேறுகிறது. ஆகச் சிறிய கியரில் மிதித்தால் கால் பத்துச் சுற்றுச் சுற்ற, வண்டி நாலு முழம் நகர்கிறது. இருபது மிதிக்கு ஒரு தஸ்பீஹ் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். மூச்சு தடுமாறிய இடத்தில் கணக்கும் தடுமாறிற்று. ஆட்டுக்கிடைக் காவல் நாய்கள் இரண்டு, கன்றுக்குட்டி அளவு இருக்கும், குரைத்தபடி சரிவில் இறங்கி வந்தன. இறங்கி, வண்டியை நமக்கும் அவற்றுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தோம். ஓடுகிறவனைத்தான் அவை துரத்துகின்றன. இடையன் சீழ்க்கையடித்ததும் திரும்பிப் போய்விட்டன.

கணவாயின் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னே, சரிவோடு சரிவாகக் கருங்கல்லால் ஆன நீண்ட கட்டடம் ஒன்று தெரிகிறது. அதுதான் நாம் காண வந்த சாவடி. நம்மவர் முஸாபர்கானா என்பார்களே, அது. 1332இல் செசார் என்னும் ஓர்பெலியான் குலத்துச் சிற்றரசன் கட்டுவித்தது. உள்ளே தூண் வரிசைகள், விலங்குகளுக்குக் கல்தொட்டிகள், புகையும் ஒளியும் போய்வரக் கூரையில் துளைகள். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனால் சிறிது நேரம் ஒன்றும் தெரியாது. குளிர்தான் முதலில் தெரியும். பனிக்காற்றில் அகப்பட்ட ஒரு வணிகக் கூட்டத்தை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளக்கூடிய கட்டடம்.

முகப்பறையின் உட்சுவரில் ஆர்மீனிய மொழியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மங்கோலியர் வழிவந்த அபூஸயீத் கானின் ஆட்சியில், தம் குலத்தின் ஆன்ம நலனுக்காகத் தம் பொருளைக் கொண்டு இதைக் கட்டியதாகச் செசார் சொல்கிறார். வழியோடு போகிறவர்கள் தம்மை நினைந்து வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறார். நம் ஊர்களில் குளம் வெட்டியவரும் பள்ளிவாசலில் ஹவ்ழு கட்டியவரும் கல்லில் எழுதிவைத்துக் கேட்பது இதைத்தானே! ஸதகத்துல் ஜாரியா என்னும் சொல் அவருக்குத் தெரிந்திராது, பொருள் தெரிந்திருக்கிறது.

ஆனால் எம்மை நிறுத்திவைத்தது வெளிவாயில். வாயிலின் மேற்கல்லில் இன்னொரு கல்வெட்டு. அது பாரசீகம், எழுதப்பட்டிருப்பதோ நாம் அன்றாடம் பலகையில் எழுதும் அரபு எழுத்தில். கிறித்தவச் சிற்றரசன் ஒருவன் தன் மொழியை உள்ளே வைத்துவிட்டு, வருகிறவர்களின் மொழியை வாயிலில் வைத்திருக்கிறான். தப்ரீஸிலிருந்து ஒட்டகமோ கழுதையோ ஓட்டிக்கொண்டு வரும் முஸ்லிம் வணிகன், இருட்டும் நேரத்தில், இது யாருடைய இடமோ, நம்மை ஏற்பார்களோ என்று தயங்கி நிற்கும்போது, முதலில் அவன் கண்ணில் படுவது அவனுடைய எழுத்து. விருந்தோம்பலைப் பற்றி நாம் எத்தனையோ பயான்கள் கேட்டிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த எழுத்தை இன்று முழுதும் படிக்க இயலாது. பிற்காலத்தில் அதன் பகுதிகளை யாரோ சிதைத்திருக்கிறார்கள். ஓர் அலிஃபின் நெட்டுக்கோடு நிற்கிறது, பக்கத்து எழுத்து இல்லை. ஒரு வளைவு இருக்கிறது, அது எந்த எழுத்தினுடையது என்று உறுதி சொல்லப் புள்ளி இல்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண்ணுக்கும் அது வசப்படவில்லை. எம் மாணவர் தரையில் அமர்ந்து, கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடித்தவனுக்கு இதைப் படிக்கத் தெரிந்திருக்குமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். தெரிந்திருந்தால் அடித்திருக்கமாட்டான் என்று அவர் எண்ணுவது புரிந்தது. அவ்வளவு நல்லெண்ணம் எமக்கு இல்லை.

சாவடிக்கு வெளியே லுஹரைச் சுருக்கித் தொழுதோம். கிப்லா தெற்கே, நாம் ஏறிவந்த பள்ளத்தாக்கின் பக்கம்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் செவான் ஏரி. கடல்மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரத்தில் கடல் போலக் கிடக்கிறது. நீர்ப்பாசனத்துக்கும் மின்சாரத்துக்குமாகச் சோவியத் ஆட்சியில் நீரை இறைத்ததில் ஏரி இருபது மீட்டர் அளவுக்குத் தாழ்ந்துபோயிற்று. 874இல் மடம் எழுந்த தீவு இன்று தீபகற்பம். மிஞ்சியதைக் காக்க 1978இல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். மேற்குக் கரையில் நொரதுஸ் என்னும் ஊர். அதன் இடுகாட்டில் கச்கார்கள் எனப்படும் சிலுவைக் கற்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கல்லில் பின்னல் வேலை செய்ததுபோல் நுணுக்கம். ஒருமுறை பகைப்படை வந்தபோது ஊரார் இக்கற்களுக்குத் தலைக்கவசமும் போர்வையும் அணிவித்து நிறுத்த, பெரும்படை நிற்கிறதென்று பகைவர் திரும்பிவிட்டனர் என ஒரு கதை வழங்குகிறது.

இத்தகைய கற்கள் மிகுதியாக நிற்கும் இடம் இன்று நொரதுஸ். அதற்கு முன் அந்தப் பெருமை வேறோர் ஊருக்கு இருந்தது. நகிச்சிவானில், அராஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜுல்பா அது. 1604-05இல் ஈரானின் ஷா அப்பாஸ் அவ்வூர் ஆர்மீனியரை இஸ்பஹானுக்குப் பெயர்த்துக் குடியேற்றினார். புதிய ஜுல்பா என்று பெயரிட்டு வாழ்ந்த அவர்களின் வணிகம் கடல் கடந்து சென்னைப்பட்டினம் வரை வந்தது. மண்ணடிக்குக் கிதாபு வாங்கப் போகும்போதெல்லாம் நாம் கடக்கும் அரண்மனைக்காரத் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியர் தெரு என்பதை நம் மக்கள் அப்படித் திரித்துச் சொன்னார்கள். அங்கே அவர்களுடைய 1772ஆம் ஆண்டுத் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை 1794இல் சென்னையில் வெளியிட்ட பாதிரியாரும் அதன் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கும் இடத்தில் அடையாற்றின் மேல் முதற்பாலம் கட்டியவரும் ஓர் ஆர்மீனியரே. உஸ்கான் என்னும் வணிகர், 1726இல். அவர் வைத்த கல்லில் ஆர்மீனியத்தோடு பாரசீகமும் இலத்தீனும் பொறித்திருந்தார். செலிம் கணவாயின் பழக்கம் சைதாப்பேட்டை வரை வந்திருக்கிறது.

அந்தப் பழைய ஜுல்பாவின் இடுகாட்டில் ஆயிரக்கணக்கான கற்கள் இருந்தன. 1998 முதல் அவை சிறுகச் சிறுக அகற்றப்பட்டன. 2005 டிசம்பரில் சீருடையணிந்தவர்கள் சம்மட்டியால் எஞ்சியவற்றை உடைத்து ஆற்றில் கொட்டியதை அக்கரையில், ஈரானிலிருந்து, படம் பிடித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அஸர்பைஜான் அரசு. உடைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் எம்மிடம் இல்லை. இருந்திருந்தால் அதில் நம் பிள்ளைகளின் பெயர்கள் இருந்திருக்கும். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விடவும் கூசுகிறது. இடிக்கப்பட்ட இறையில்லத்தின் வலி இந்தியாவில் வாழும் நமக்குப் புதியதன்று. அந்த வலியை நமக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ள முடியாது.

செவானுக்கு வடக்கே சுரங்கப்பாதையை விடுத்துப் பழைய கணவாய்ச் சாலையில் ஏறினோம். மறுபக்கம் வேறு உலகம். மொட்டைப் புல்வெளி முடிந்து, ஓக்கும் பீச்சும் அடர்ந்த திலிஜான் காடு தொடங்குகிறது. 1958இல் காப்பகமாகி, 2002இல் தேசியப் பூங்காவான காடு. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயின.

காட்டுக்குள்ளே ஹகர்த்சின் மடம். கற்கள் புதுக்கருக்கோடு தெரிந்தன. செப்பனிட்டவர் யார் என்று வாயிலில் மெழுகுவத்தி விற்ற முதியவளிடம் மாணவர் அரைகுறை உருசிய மொழியில் கேட்டார். அவள் சொன்ன விடையில் எமக்குப் புரிந்த ஒரே சொல், ஷார்ஜா. 2005இல் இங்கே வந்து பார்த்த ஷார்ஜாவின் ஆட்சியாளர் ஷெய்கு சுல்தான் பின் முஹம்மது அல் காசிமி, புதுப்பிக்கும் செலவைத் தாமே ஏற்றிருக்கிறார். "பதினொரு வருஷமாக அந்த ஊரில் சம்பளம் வாங்குகிறேன். எனக்குத் தெரியாதே!" என்றார் மாணவர். 1248இல் மினாஸ் என்னும் சிற்பி கட்டிய உணவுக்கூடத்தின் குறுக்கு வளைவுகளுக்குக் கீழே நெடுநேரம் அண்ணாந்து நின்றார்.

கடைசி நாள் பார்ஸ் ஏரியிலிருந்து கோஷ் மடத்துக்கு. முன்னிரவு மழையில் காட்டுப்பாதை களியாகியிருந்தது. அத்தகைய மண்ணில் சக்கரம் ஓட்டினால் பள்ளம் விழும். அடுத்த மழை அதை ஓடையாக்கும். முன்னே போன யாரோ சேற்றைத் தவிர்க்க மரக்கன்றுகளின் மேலேயே புதுவழி போட்டிருந்தார்கள். நாம் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். பாதி வழியில் சக்கரங்கள் சுற்ற மறுத்தன. அதன்பின் தோளில் தூக்கினோம்.

கோஷ் மடத்தை நிறுவிய மகித்தார் கோஷ் ஒரு சட்ட அறிஞர். 1184இல் அவர் எழுதத் தொடங்கிய நீதிநூலுக்குக் காரணங்களில் ஒன்று, கிறித்தவர்கள் வழக்குத் தீர்க்க நம் காழிகளிடம் போகாமலிருக்க வேண்டும் என்பது! ஃபிக்ஹு ஓதிக்கொடுக்கிறவனுக்கு இதில் கோபம் வரவில்லை. அவருடைய நூலகக் கட்டடத்தைப் பார்த்ததும் பொறாமைதான் வந்தது. வாயிலருகே போகோஸ் என்பவர் 1291இல் செதுக்கிய கச்கார் நிற்கிறது. ஊசிகொண்டு தைத்தாற்போன்ற அந்தக் கல்லில் ஒரு கண்ணியும் மற்றொன்றைப் போல் இல்லை.

ஊர்க் குழாயடியில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் வந்து, கேளாமலே பின்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிவிட்டான். எம் மாணவர் அவனுக்கு ஈரத் தரையில் குச்சியால் அவன் பெயரை அரபியில் எழுதிக் காட்டினார். அவன் குச்சியை வாங்கி, அதன் கீழே அதே பெயரைத் தன் எழுத்தில் எழுதினான்.