சத்தம் போடும் பெட்டியும் அப்பாவின் தூக்கமும்



பழவேற்காடு என்றால் எல்லோரும் பூநாரையையும் டச்சுக் கோட்டையையும் பற்றித்தான் எழுதுவார்கள். நான் எங்கள் வீட்டு நெட் பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க!

வீடுகளில் இருக்கும் சாதாரண ரவுட்டரில் விசிறி கிடையாது. துளைகள் வழியாகச் சூடு தானாகப் போய்விடும். ஆனால் என் சித்தப்பா குப்பத்தில் பல வீடுகளுக்கு நெட் இணைப்பு கொடுக்கிறார். அதற்கான பெரிய சுவிட்ச் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அதற்குள் 40 மி.மீ. அளவில் இரண்டு குட்டி விசிறிகள். ராத்திரி பகல் பார்க்காமல் ‘கிய்ய்ங்’ என்று கத்தும்.

அப்பா ஏரியில் பாடு வலைக்குப் போகிறவர். பாடு முறை உங்களுக்குத் தெரியும். நம்ம நாளை விட்டால் அடுத்த முறை வரை காத்திருக்கணும். அதனால் சாயங்காலமே படுத்து, விடியுமுன் எழுந்து போவார். “இன்னா இது, காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி கத்திக்கினே கீது?” என்று புரண்டு புரண்டு படுப்பார்.

“ஆஃப் பண்ணிடு” என்றார் அம்மா. “அண்ணி, இதை நிறுத்தினா பாதி ஊருக்கு நெட்டு போயிடும். நாளைக்குக் காத்து எப்படின்னு எப்படிப் பார்ப்பாங்க?” என்றார் சித்தப்பா. அதுவும் நியாயம்தான். ஐதராபாத்தில் 1999-ல் தொடங்கிய இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை, காற்று நிலவரத்தைப் பார்த்துத்தான் பலர் கடலுக்குப் போறாங்க. விசிறியை மட்டும் நிறுத்தினாலோ, பெட்டியைத் துணி போட்டு மூடினாலோ சூடு ஏறிப் பெட்டியே போயிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். நான் டார்ச் பிடித்தேன். நம்ம ஊர் உப்புக் காற்றில் தூசி ஈரமாகி இறக்கையில் அப்பியிருந்தது. ஒரு பக்கம் எடை கூடினால் விசிறி ஆடும், அதிரும். இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைத்தோம். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டோம். (தேங்காய் எண்ணெய் கூடாது, பிசுக்காகிவிடும்.) அதிர்வு பலகையில் இறங்காமலிருக்க, பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தோம்.

பாதி சத்தம் போச்சு. மீதிக்கு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து 120 மி.மீ. விசிறியை எடுத்துப் பெட்டியின் காற்றுத் துளைக்கு எதிரில் மெதுவாகச் சுற்றவிட்டார் சித்தப்பா. சின்னத் துடுப்பை வேக வேகமாகப் போட்டால் சளப்சளப் என்று சத்தம் வரும். பெரிய துடுப்பை நிதானமாகப் போட்டாலும் படகு போகும். விசிறிக்கும் அதே கதைதான். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையுமாம். பெட்டி குளிர்ந்ததும் உள்ளே இருந்த குட்டி விசிறிகளும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டன!

இப்போது ‘உஸ்ஸ்’ என்ற மெல்லிய சத்தம் மட்டும்தான். அப்பா எட்டு மணிக்கே குறட்டை விடுகிறார். அதை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை!

நண்பர்களே, ஒரு பொருள் சத்தம் போட்டால் அதன் வாயை மூடாதீர்கள். ஏன் கத்துகிறது என்று பாருங்கள். ஆனால் பெரியவர்கள் இல்லாமல் கரண்டு பெட்டியில் கை வைக்காதீர்கள்.



— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி