குற்றம் கூடியதா, கணக்கு கூடியதா?

டெல்லியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை (சில சமயம் ரொம்பத் தாமதமாக) மூன்று தடித்த தொகுதிகள் வெளிவரும். பெயர் 'இந்தியாவில் குற்றங்கள்'. வெளியிடுவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம், சுருக்கமாக என்.சி.ஆர்.பி. மறுநாள் பேப்பரைப் பிரித்தால் தலைப்புகள் தயாராக இருக்கும். இந்த மாநிலம் முதலிடம், அந்த நகரம் மோசம், பெண்களுக்கு எதிரான குற்றங்கள் இத்தனை சதவீதம் உயர்வு. ஆளுங்கட்சி ஒரு பட்டியலைக் காட்டும், எதிர்க்கட்சி அதே புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டும். டீக்கடையில் 'நாடு கெட்டுப் போச்சு சார்' என்று பேச்சு முடிந்துவிடும்.

அந்த எண்கள் எங்கே பிறக்கின்றன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவை டெல்லியில் பிறப்பதில்லை. ஏதோ ஒரு ஊர் போலீஸ் ஸ்டேஷனில், ரைட்டர் மேஜையில் பிறக்கின்றன.

புகார் கொடுக்க வருபவரிடம் ரைட்டர் முதலில் கேட்பார், 'என்ன விஷயம்?' அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கணக்கைத் தீர்மானிக்கும் விஷயங்கள்தான். எஃப்.ஐ.ஆர். போட்டால் அது தேசியக் கணக்கில் ஒன்று. தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பது போல சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து 'விசாரிக்கிறோம், போயிட்டு வாங்க' என்று அனுப்பிவிட்டால், டெல்லித் தொகுதியைப் பொறுத்தவரை அப்படியொரு சம்பவமே நடக்கவில்லை. பறிபோன செல்போன் 'தொலைந்துபோன' செல்போனாக எழுதப்பட்டாலும் அதே கதைதான். ஸ்டேஷனிலிருந்து மாவட்டக் குற்ற ஆவணப் பிரிவு, அங்கிருந்து மாநிலம், அங்கிருந்து டெல்லி என்று எண்கள் ஏறிப்போகும். கீழே விழாத எண் மேலே போய் முளைக்காது.

இந்தத் தொகுப்பு 1953இலிருந்து வருகிறது. என்.சி.ஆர்.பி. அமைக்கப்பட்டது 1986இல். எண்ணும் முறையில் ஒரு விதி உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அதில் மிகக் கடுமையானது மட்டும்தான் கணக்கில் சேரும். வீடு புகுந்து கொள்ளையடித்து ஆளையும் கொன்றால், புத்தகத்தில் அது கொலை. கொள்ளை காணாமல் போய்விடும்! பிறகு மொத்த எண்ணை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று விகிதம் போடுவார்கள். வகுக்கும் எண்ணுக்கும் ஒரு சோதனை. 2011க்குப் பிறகு எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து எடுக்கப்படும் என்று 2025இல்தான் அறிவிப்பு வந்தது. அதனால் 2023 வரையிலான தொகுப்புகளில் வகுக்கும் எண் ஒரு மதிப்பீடுதான்.

சரி, இந்தியாவில் குற்றம் அதிகமாக 'உயர்ந்த' வருஷங்களில் ஒன்று எது? 2020. ஆமாம், ஊரே வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த அதே வருஷம்! வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள் 2019இல் 51,56,172. 2020இல் 66,01,285. அதாவது 28 சதவீத உயர்வு. லட்சம் பேருக்கு 385.5 என்று இருந்த விகிதம் 487.8 ஆனது.

கடை இல்லை, பஸ் இல்லை, தெருவில் ஆளே இல்லை. பிறகு யார் செய்த குற்றம்? பால் வாங்கப் போனவர், மாஸ்க் போடாதவர், பைக்கில் சும்மா சுற்றியவர். இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, அதாவது அரசு அலுவலரின் உத்தரவை மீறுதல், 2019இல் 29,469 வழக்கு. 2020இல் 6,12,179. இதோடு 'இதர ஐ.பி.சி. குற்றங்கள்' என்ற தலைப்பு இரண்டரை லட்சத்திலிருந்து பத்தரை லட்சத்துக்கு மேல் போனது. 'இதர மாநிலச் சட்டங்கள்' ஒரு லட்சத்துக்கும் கீழே இருந்து நாலு லட்சத்தைத் தாண்டியது. மூன்றையும் கூட்டினால் 17 லட்சம் கூடியிருக்கிறது. ஆனால் மொத்தமாகக் கூடியதே 14.45 லட்சம்தான். கழித்துப் பார்த்தால், வழக்கமான குற்றங்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கின்றன.

இதில் தமிழ்நாட்டின் பங்கு சும்மா சொல்லக்கூடாது. இங்கே ஐ.பி.சி. வழக்குகள் 2019இல் சுமார் 1.68 லட்சம், 2020இல் சுமார் 8.91 லட்சம். ஒரே வருஷத்தில் ஐந்து மடங்குக்கு மேல். 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சம் வாபஸ் என்று அறிவித்தார். வழக்கு வாபஸ் ஆனாலும் புத்தகத்தில் அச்சான எண் வாபஸ் ஆகாது. இன்னும் இருபது வருஷம் கழித்து யாராவது வரைபடம் போட்டால், 2020இல் தமிழ்நாட்டில் ஏதோ பெரிய கலவரம் நடந்தது என்றுதான் நினைப்பார்கள்.

அதே 2020இல் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 4,05,326இலிருந்து 3,71,503ஆகக் குறைந்தன. 8.3 சதவீத இறக்கம். நல்ல செய்தியா? ஊரடங்கு மாதங்களில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் எகிறின. ஆணையம் 2020 ஏப்ரலில் தனியாக ஒரு வாட்ஸப் எண்ணே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அடிக்கிறவன் இருபத்துநாலு மணி நேரமும் வீட்டிலேயே இருக்கும்போது, அடிவாங்குகிறவள் எப்படி ஸ்டேஷனுக்குக் கிளம்புவாள்? பஸ்ஸும் ஓடவில்லை. குறைந்தது குற்றம் என்பதைவிட, வாசல் தாண்டிய புகார் குறைந்தது என்பதுதான் பொருத்தமாக இருக்கும்.

எதிர்த்திசை உதாரணம் இன்னும் முக்கியமானது. 2012 டிசம்பர் 16 டெல்லி சம்பவம் நாட்டையே உலுக்கியது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் வல்லுறவு என்பதன் வரையறை விரிந்தது, சம்மத வயது 16இலிருந்து 18 ஆனது, இப்படிப்பட்ட புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை என்று 166ஏ பிரிவு வந்தது. அதே வருஷம் நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்ட் தேவைப்படாத குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. விளைவு? நாடு முழுக்க வல்லுறவு வழக்குகள் 2012இல் 24,923, 2013இல் 33,707. ஒரே வருஷத்தில் 35 சதவீதம். 'ஆண்கள் ஒரே வருஷத்தில் இவ்வளவு கெட்டுவிட்டார்களா' என்று கேட்டால் அது அபத்தம். பல காலம் வாய்மூடி இருந்தவர்கள் பேசினார்கள். எழுத மறுத்த ரைட்டர் எழுதினார். சட்டத்தின் வலை அகலமானது. அந்த உயர்வில் இந்த மூன்றுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரிக்க அந்தப் புத்தகத்தால் முடியாது.

டெல்லியின் மொத்தக் கணக்கும் இப்படித்தான். 2013இல் ஐ.பி.சி. வழக்கு சுமார் 80 ஆயிரம், 2014இல் 1.55 லட்சம், 2015இல் 1.91 லட்சம். புகார் வந்தால் எழுது என்ற கண்டிப்பும், வண்டித் திருட்டை இணையத்திலேயே பதியும் வசதியும் வந்த காலம் அது. பேப்பர்காரர்கள் டெல்லியைக் 'குற்றத் தலைநகர்' என்றார்கள். எழுதியதற்குக் கிடைத்த பட்டம்!

இங்கேதான் விஷயம் விபரீதமாகிறது. வழக்கு கூடினால் இன்ஸ்பெக்டருக்கு மாதாந்திர க்ரைம் மீட்டிங்கில் திட்டு. எஸ்.பி.க்கு மேலிடத்தில் திட்டு. அரசுக்குச் சட்டசபையில் திட்டு. ஆக மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் லாபமான ஒரே வழி, எழுதாமல் இருப்பது. நேர்மையாக எழுதுகிற மாநிலம் பட்டியலில் மேலே போய் அவமானப்படும். விரட்டி அனுப்புகிற மாநிலம் கீழே உட்கார்ந்து 'பார்த்தீர்களா எங்கள் அமைதிப் பூங்காவை' என்று போஸ்டர் ஒட்டும். நஷ்டம் யாருக்கு என்றால், கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்துவிட்டு வெறும் ரசீதோடு வீடு திரும்பும் அந்த அம்மாவுக்கு.

கேரளாவையும் உத்தரப் பிரதேசத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016 தொகுப்பில் கேரளாவின் ஐ.பி.சி. குற்ற விகிதம் லட்சத்துக்கு 700க்கு மேல். உத்தரப் பிரதேசம் 130க்கும் கீழே. அப்படியென்றால் கொச்சியைவிட கான்பூர் ஐந்து மடங்கு பத்திரமா? அதே புத்தகத்தில் கொலைக் கணக்கைப் பார்த்தால், கேரளாவில் லட்சத்துக்கு 0.9, உத்தரப் பிரதேசத்தில் 2.2. தலைகீழ்! கேரளத்தில் தாறுமாறாக வண்டி ஓட்டியதற்குக்கூட வழக்குப் பதிகிறார்கள். படித்த ஜனங்கள், பக்கத்திலேயே ஸ்டேஷன், கேள்வி கேட்கும் பழக்கம். எண் ஏறாமல் என்ன செய்யும்?

விவரம் தெரிந்தவர்கள் இதனால்தான் முதலில் கொலைக் கணக்கைப் புரட்டுவார்கள். செல்போனைத் 'தொலைந்தது' என்று எழுதலாம், பிணத்தை அப்படி எழுதுவது கஷ்டம். (முடியவே முடியாது என்று சொல்லவில்லை. தற்கொலையாகவும் விபத்தாகவும் மாறிய மரணங்கள் உண்டு.) அந்தக் கணக்கு சொல்லும் கதை, டீக்கடைப் பேச்சுக்கு நேர் எதிரானது. 1992இல் நாட்டில் சுமார் 40 ஆயிரம் கொலைகள், லட்சத்துக்கு 4.6. 2022இல் 28,522, லட்சத்துக்கு 2.1. 2023இல் 27,721. மக்கள்தொகை ஐம்பது கோடிக்கும் மேல் கூடியிருக்கும்போது கொலை எண்ணிக்கையே இறங்கியிருக்கிறது. ஊரடங்கு வருஷமான 2020இல் 29,193 என்று ஒரு சதவீதம் ஏறியது. முப்பது வருஷத்தில் கொலை விகிதம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது, இதற்கு ஒரு தலைப்புச் செய்தி கிடையாது.

அதற்காக நாடு சாதுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. திருடர்கள் வேறு ஜன்னல் வழியாக வருகிறார்கள். சைபர் குற்ற வழக்குகள் 2021இல் 52,974, 2022இல் 65,893, 2023இல் 86,420. பெரும்பகுதி பண மோசடி. சுவரேறிக் குதிக்க வேண்டியதில்லை, ஒரு ஓ.டி.பி. போதும்.

புத்தகத்துக்கு வெளியே இருப்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழி, நேராக வீட்டுக்குப் போய்க் கேட்பது. தேசிய குடும்ப நல ஆய்வு அதைத்தான் செய்கிறது. 2019-21 சுற்றில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29 சதவீதம் பேர் கணவனால் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவி கேட்டதுமில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. அந்த 14லும் பெரும்பாலோர் போனது அம்மா வீட்டுக்கு. கணவன் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவில் 2021இல் நாடு முழுக்கப் பதிவானது 1,36,234 வழக்கு. கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் லட்சக்கணக்கு.

என்.சி.ஆர்.பி.யே தன் தொகுப்பில், குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று எழுதித்தான் வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இனி வரும் வரைபடங்களைப் படிக்க இன்னும் சூதானம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஆகவே 2024இன் முதல் ஆறு மாதம் ஒரு சட்டம், அடுத்த ஆறு மாதம் இன்னொன்று. பறிப்பு என்பது 304ஆம் பிரிவாகத் தனிக் குற்றமாகியிருக்கிறது. முன்பு திருட்டிலோ வழிப்பறியிலோ போய்ச் சேர்ந்த சங்கிலிகள் எல்லாம் இப்போது புதுத் தலைப்பில் சேரும். இன்னொரு பக்கம், 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டு, கோர்ட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதற்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. திருட்டுப் பத்தியில் எண் இறங்கும். 4,800 ரூபாய் செல்போனைப் பறிகொடுத்த கூலித் தொழிலாளி, இறங்கிய அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்.