விலையில்லாக் கருவிகள்

நுழையும்முன்

பணம் கொடுக்காமல் பெறக்கூடிய கருவிகள் இணையத்தில் நிறைந்துள்ளன. அவற்றை உருவாக்கியவர் யார்? எதற்காகத் தருகின்றனர்? பெற்றுக்கொள்பவரின் கடமை யாது? விழுப்புரத்தில் வாழ்ந்து திண்டிவனத்தில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவரின் தேடல்வழியே இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ‘விலையில்லா’ என்னும் சொல் புதியதன்று. பாடநூல், மிதிவண்டி எனப் பள்ளியில் பெறும் பலவற்றின் முன்னும் அச்சொல் நிற்கிறது. அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஒன்று, விலை கொடுக்க வேண்டாதது. மற்றொன்று, விலை மதிக்க இயலாதது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பவற்றுள் எவை முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன, எவை இரண்டாம் பொருளுக்கும் உரியவை எனப் பிரித்தறிவது இன்று ஆசிரியருக்கும் மாணவருக்கும் இன்றியமையாத அறிவாகும்.

அத்தமிழாசிரியர் 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்படும்வரை கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டுமே பயன்படுத்தியவர். பள்ளிகள் மீண்டும் திறந்தபின், விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையிலான ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பேருந்துப் பயணமே அவருடைய தேடலுக்கு உரிய நேரமாயிற்று. முதலில் அவர் தேடியது வகுப்பறைக்காக அன்று, தமக்காக. பல ஆண்டுகளாகக் கையால் எழுதிச் சேர்த்த பாடக்குறிப்பேடுகளைத் தட்டச்சு செய்து பாதுகாக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

தமிழ்த் தட்டச்சு ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த வினாத்தாள் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை அமைப்பு வகுக்கப்பட்டது. பின்னர் ஒருங்குறி பரவியதால் எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் நீங்கியது. ‘எ-கலப்பை’ போன்ற தட்டச்சு மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் உருவாக்கிக் கட்டணமின்றி வழங்கினர். இன்று கைப்பேசியை நோக்கிப் பேசினால் அதுவே எழுத்தாக மாற்றித் தருகிறது. ஆசிரியர் தம் குறிப்புகளைப் படித்துப் பதிவு செய்து, பிழை திருத்தி, ஒன்றுக்கு மூன்று படிகளாகச் சேமித்தார்.

அவ்வுழைப்பின் பயன் 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விளங்கிற்று. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 செ.மீ. மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. ஆசிரியரின் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் அடித்தட்டில் இருந்த குறிப்பேடுகளைக் கரைத்துவிட்டது. தட்டச்சு செய்தவை பிழைத்தன. நாளை செய்யலாம் என்று ஒதுக்கியவை மறைந்தன. படியெடுக்கப்பட்டதே வாழும் என்பது ஏட்டுச்சுவடிகளின் வரலாறு நெடுகிலும் காணப்படும் உண்மை. அவ்வுண்மை கணினிக் காலத்திலும் மாறவில்லை.

வகுப்பறைக்கான தேடல் அவரை மதுரைத் திட்டத்திடம் கொண்டு சேர்த்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய முயற்சி அது. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் ஏற்றினர். 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் மின்னூலகம் ஒன்றைப் பேணி வருகிறது.

இவற்றைக்கொண்டு ஆசிரியர் நடத்திய பாடம் ஒன்று குறிப்பிடத்தக்கது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனது நாட்டின் ஊர்களுள் ஒன்று கிடங்கில். இன்று திண்டிவனம் நகருக்குள் அமைந்துள்ள கிடங்கலே அவ்வூர். நூலில் கூறப்படும் எயிற்பட்டினத்தை மரக்காணம் எனக் கருதுவர் அறிஞர். ஆசிரியர் இச்செய்திகளை மாணவரிடம் கூறவில்லை. மின்னூலைத் திறந்து, தங்கள் பகுதியின் ஊர்ப்பெயர் ஏதேனும் உள்ளதா எனத் தேடும்படி மட்டும் பணித்தார். 269 அடிகள் கொண்ட அந்நூலில் ‘கிடங்கில்’ என்னும் சொல்லை ஒரு மாணவி கண்டறிந்தபோது, அவள் நாள்தோறும் நடந்துவரும் தெருவுக்கும் சங்க இலக்கியத்திற்கும் இடையிலிருந்த தொலைவு மறைந்தது. தேர்வுக்குரிய நூலாக இருந்தது அவளுடைய ஊரின் நூலாயிற்று.

அச்சொல் அவள் கண்ணில் படுவதற்கு எத்தனைபேர் உழைத்தனர் என்பதையும் ஆசிரியர் விளக்கினார். ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய உ.வே.சாமிநாதர் 1889ஆம் ஆண்டு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். நூறாண்டுகளுக்குப் பின் பெயர் அறியாத தன்னார்வலர்கள் அதனைக் கணினியில் ஏற்றினர். மாணவி செலுத்திய விலை ஒன்றுமில்லை. ஆயினும் அதற்கான விலையை யாரோ முன்பே செலுத்தியிருந்தனர்.

கட்டணமின்றிக் கிடைப்பன எல்லாம் இத்தகையன அல்ல. வணிக நிறுவனங்கள் தரும் கருவிகள் சில, அவற்றுக்கு ஆதாயம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும். உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய ‘எட்மோடோ’ என்னும் வகுப்பறைத் தளம் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ‘ஜாம்போர்டு’ என்னும் மின்பலகை 2024ஆம் ஆண்டு இறுதியோடு முடிவுக்கு வந்தது. ஆகவே, ஒரு கருவியைப் பயன்படுத்தத் தொடங்கும் முன்னரே, அதில் உருவாக்கியதை வெளியே எடுத்துச் சேமிக்க வழியுண்டா என வினவ வேண்டும்.

வேறு சில கருவிகள் பணத்திற்கு மாற்றாகத் தகவலைக் கேட்கின்றன. பெயர், பிறந்தநாள், கைப்பேசி எண், இருப்பிடம் ஆகியவை அவற்றுக்குச் செலுத்தப்படும் மறைமுக விலையாகும். இந்திய நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் இவ்வரையறைக்குள் அடங்குவர். இதனால், மாணவர் தம் பெயரைப் பதிவு செய்யாமலேயே பயன்படுத்தக்கூடிய கருவிகளையே ஆசிரியர் வகுப்பறைக்குத் தேர்ந்தெடுத்தார்.

இத்தேர்வில் அவருக்குத் துணைநின்ற கருத்து ‘கட்டற்ற மென்பொருள்’ என்பதாகும். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. எந்நோக்கத்திற்கும் இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், பிறருக்குப் பகிர்தல், மாற்றியதையும் பகிர்தல் என நான்கு உரிமைகளை அது வலியுறுத்துகிறது. கட்டணமின்மை அதன் விளைவேயன்றி நோக்கமன்று. இக்கருத்தைக் கற்கப் பெருநகரம் செல்ல வேண்டியதில்லை. விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று, சுற்றுவட்டார மாணவர்களுக்குத் தன்னார்வத்துடன் கணினிப் பயிற்சி அளித்து வருகிறது. ஆவணங்களுக்கு லிபர்ஆபிஸ், வானியலுக்கு ஸ்டெல்லாரியம் எனக் கட்டற்ற மென்பொருள்கள் பல பள்ளிக்கு ஏற்றவையாக உள்ளன. ஸ்டெல்லாரியத்தைத் திறந்து இடத்தையும் நாளையும் குறித்தால், அன்றிரவு திண்டிவனத்தில் தோன்றும் வானம் பகலிலேயே வகுப்பறைச் சுவரில் விரியும்.

ஆயினும், கருவி விலையில்லாதது என்பதால் கற்றல் செலவற்றதாகிவிடாது. மின்சாரம், கணினி, இணைய இணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் நகைகளை விற்று வகுப்பறைக்கு மின்திரையும் நூல்களும் வாங்கிய செய்தி 2017ஆம் ஆண்டு நாளிதழ்களில் வெளிவந்தது. அவருடைய ஈகை போற்றத்தக்கது. எனினும் அத்தகைய ஈகையை நம்பியே ஒரு வகுப்பறை இயங்குமாறு விடுவது சமூகத்திற்கு அழகன்று. வீட்டில் கைப்பேசி இல்லாத மாணவர் ஒருவர் இருந்தாலும், அவருக்கும் எட்டும் வகையில் பாடம் அமைதல் வேண்டும். எனவே திண்டிவனத்து ஆசிரியர், இணையத்தில் தேடவேண்டிய பணிகளைப் பள்ளி ஆய்வகத்திலேயே முடித்துவிடுவார்; வீட்டுப் பணியாகத் தாளும் எழுதுகோலும் போதுமானவற்றையே தருவார்.

பெறுவதோடு நில்லாமல் தருவதையும் அவர் கற்பித்தார். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருகிறது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் போன்றோரின் இடையறாத உழைப்பால் தொடக்கத்தில் உருப்பெற்ற அதில் எவரும் எழுதலாம், திருத்தலாம். அதன் உடன்பிறப்பான விக்கிமூலத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல ஒளிப்படங்களாக ஏற்றப்பட்டுள்ளன. கணினி அப்பக்கங்களைப் படித்து எழுத்தாக்கும்போது ‘ர’கரமும் துணைக்காலும் ஒன்றற்கொன்று மாறிவிடும், ஒற்றுகள் விடுபடும். அவற்றை மனிதக் கண்ணே திருத்த வேண்டும். ஆசிரியர் தம் கணக்கின்வழி நாளொன்றுக்கு ஒரு பக்கத்தைத் திரையில் காட்டுவார். மாணவர் பிழைகளைச் சுட்டுவர். காரணம் கேட்டபின்னரே அவர் திருத்துவார். பயிற்சித் தாளில் சலிப்பூட்டிய வல்லினம் மிகும் இடங்களும் லகர, ளகர, ழகர வேறுபாடுகளும், யாரோ ஒருவர் படிக்கப்போகும் நூலில் பொறுப்பாக மாறின.

திருத்தப்பட்ட பக்கத்தில் மாணவர் எவர் பெயரும் இருப்பதில்லை. சிறுபாணாற்றுப்படையைக் கணினியில் ஏற்றியவர் பெயரும் அதனைத் தேடிய மாணவிக்குத் தெரியாது. அறியாதவர் தந்ததைப் பெற்று, அறியாதவருக்குத் தருவதே அறிவுலகின் கொடுக்கல் வாங்கல். கருவிகள் மாறும், தளங்கள் மூடப்படும். கற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தையேனும் பிழையின்றி அடுத்தவருக்கு விட்டுச் செல்வாராயின், அறிவு விலையில்லாததாகவே நிலைத்திருக்கும்.