டீசல் எந்திரம்: ஆற்றல், சிக்கனம், நம்பகம்



டீசல் வண்டி வாங்கலாமா, கூடாதா என்று உறவினர் பலர் என்னைக் கேட்பதுண்டு. ஆசிரியர் என்றால் எல்லாம் அறிந்தவர் என்னும் நம்பிக்கை நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது! நான் அறிந்தவற்றை ஆற்றல், சிக்கனம், நம்பகம் என மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன்.

முதலில் ஆற்றல். ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை அது வேலையாக மாற்றியது. தீப்பொறியின் துணையின்றி, காற்றை இறுக்கிச் சூடாக்கி, அதில் எரிபொருளைத் தெளித்துப் பற்றவைப்பதே அவர் கண்ட வழி. அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை; தெளிக்கும் முறைதான் மாறியது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாக மகிழுந்துகளுக்கு வந்த 'காமன் ரெயில்' முறையில், எரிபொருள் மிகுந்த அழுத்தத்தில் மென்தூறலாகத் தெளிக்கப்படுகிறது. டர்போவும் சேர்ந்துகொண்டதன் பயனைப் பாருங்கள். டர்போ இல்லாத பழைய 2.8 லிட்டர் ஹைலக்ஸ் எந்திரம் சுமார் 90 குதிரைத்திறனும் 188 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. 2020இல் மேம்படுத்தப்பட்ட 2.8 லிட்டர் எந்திரமோ 204 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டரும் தருகிறது.

அடுத்தது சிக்கனம். ஒரு லிட்டர் டீசலில், ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டிற்கும் மேல் கூடுதல் ஆற்றல் உண்டு. எந்திரத்தின் திறனும் கூடுதல். ஆனால், நம் பணப்பைக்கு லிட்டர் மட்டும் கணக்கன்று, விலையும் கணக்கே. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். டீசல் வண்டி 160 லிட்டரும், அதற்கு நிகரான பெட்ரோல் வண்டி 200 லிட்டரும் குடிப்பதாகக் கொள்வோம். டீசல் 2 வெள்ளி 15 காசாகவும் ரோன் 95 பெட்ரோல் 2 வெள்ளி 5 காசாகவும் இருந்தபோது, டீசலுக்கு 344 வெள்ளி, பெட்ரோலுக்கு 410 வெள்ளி. 66 வெள்ளி மிச்சம். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் 3 வெள்ளி 35 காசானது. அதே 160 லிட்டருக்கு 536 வெள்ளி! மிச்சம் போய், 126 வெள்ளி கூடுதல் செலவு வந்தது. எந்திரம் மாறவில்லை, விலை மாறியது, தீர்ப்பும் மாறியது.

மூன்றாவது நம்பகம். பழைய டீசல் எந்திரம் கரும்புகை கக்கும். ஆனால் தண்ணீரும் எண்ணெயும் பார்த்துக்கொண்டால் நெடுங்காலம் உழைக்கும். நம்மூர்ப் போமென் எவரும் அதைப் பழுதுபார்ப்பார். புதியவற்றின் தெளிப்பான்கள் மிக நுண்ணியவை. எரிபொருளில் சிறு தூசியோ நீரோ கலந்தாலும் தாங்கா. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பல வண்டிகளில் உண்டு. அதில் சேரும் கரியை அவ்வப்போது எரித்தழிக்க, புகைபோக்கி ஏறத்தாழ 600 பாகை வரை சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடினால் இது தானே நிகழும். நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் கரி எரிந்து முடியாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

என் அக்காள் மகன் வேலையில் சேர்ந்ததும், பழைய டீசல் மகிழுந்து ஒன்றை வாங்க விரும்பினான். வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் ஆறே கிலோமீட்டர். முன்பணமாகக் கொடுக்கவிருந்தது, தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அக்காளின் சேமநிதிப் பணம். மேற்கண்ட கணக்கைத் தாளில் எழுதி அவன் கையில் கொடுத்தேன். "மாமா, இழுவை நன்றாக இருக்கிறதே!" என்றான். "எதை இழுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். சிறிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை வாங்கினான். அக்காளின் பணத்தில் பாதி மிஞ்சியது.

கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றித் தாப்பாவுக்கு இறங்கும் என் மைத்துனரிடம் இப்படிச் சொல்ல மாட்டேன். பாரத்தோடு மலையேறும் அவருக்கு டீசலின் இழுவையே சோறு போடுகிறது. நெடுந்தொலைவு ஓடுவதால் வடிகட்டியும் தொல்லை தருவதில்லை.

ஆகவே, எந்த எந்திரம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், நாளொன்றுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பாரம், எத்தகைய சாலை என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடை அதிலேயே கிடைக்கும்.