எழுவாய்

"கோபம் வந்துடுச்சு, பேச்சு முத்திடுச்சு, கை நீண்டுடுச்சு மேடம்."

ஆலோசனை மையத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். மனைவியை அடித்ததற்காக வந்தவர். சனிக்கிழமைகளில் அங்கே போய்க் குறிப்பெடுத்துக் கொடுப்பது என் வேலை. வாரமெல்லாம் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் நான் எழுவாயைத்தான் கவனித்தேன். கோபம், பேச்சு, கை. மூன்று வாக்கியங்களிலும் அவர் இல்லை.

ஆலோசகர் கேட்டார்: "சூப்பர்வைசர் திட்டினப்போ கை நீண்டுச்சா?"

"இல்ல மேடம்."

"அப்போ அடிச்சது யாரு?"

வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "நான்தான்."

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதித்துறை நடுவர் இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்பலாம். செய்த வன்முறைக்கு ஆலோசனையில் நியாயம் சொல்ல இடமில்லை என்கின்றன அதன் 2006ஆம் ஆண்டு விதிகள். அதை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடவும் வேண்டும். ஆனால் 'கவுன்சலிங்' என்ற பெயரில் நம்மூரில் பல நேரம் நடப்பது பஞ்சாயத்துதான். "நீயும் கொஞ்சம் விட்டுக்கொடும்மா" என்று அடிபட்டவளிடமே முடிகிறது அது.

'நான்தான்' என்றதால் அவர் திருந்திவிட்டார் என்று சொல்லமாட்டேன். அதை அவர் மனைவிதான் சொல்ல வேண்டும். அதுவும் அவர் பக்கத்தில் இல்லாதபோது.

அன்று பேருந்தில் திரும்பும்போது அம்மாவின் நினைவு வந்தது. கன்னம் வீங்கிய நாட்களில் அவள் சொன்னதும் இதே வாக்கியம்: "அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு." தம்பி கேட்டபோது நானும் அதையே சொல்லித் தூங்கவைத்திருக்கிறேன். என் முதல் தொகுப்பில் அந்த வீட்டைப் பற்றி ஒரு கவிதை உண்டு. அதில் மழை அடிக்கிறது, காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது. அப்பா அடிக்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவள் எழுதிய கவிதை அது. கை நீண்டதாகச் சொன்னவரைப் பார்த்து நான் எப்படி முகம் சுளிக்க முடியும்?

அப்பா இறந்து 9 வருடமாகிறது. மறுநாள் காலை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்:

"அப்பா உன்னை அடிச்சாருல்லம்மா?"

அம்மாவின் கை நின்றது. காம்பை ஒதுக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா. அடிச்சாரு."