எப்பலேர்ந்தும்மா இப்படி?

தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைத்துக்கொள்ளலாம். இழைகள் நகர்ந்து ஓட்டையை மறைத்துவிடும். ஷூவின் மேல்பாகமான அப்பரில் நாலு தையல் விட்டுப்போனால், பிரித்த இடத்தில் ஓட்டை வரிசை அப்படியே நிற்கும். ஆம்பூரில் நான் எடுபிடியாகச் சேர்ந்த கம்பெனியில், அப்பர் தைக்கும் குளோசிங் ஹாலில் "ஸ்டிச் விடுது" என்று யாராவது குரல் கொடுத்தால் சூப்பர்வைசர் ஓடி வருவார். அவருக்கு முன்னால் பாய் அங்கே நிற்பார்.

பாய்தான் மெக்கானிக். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். மிஷின் பக்கத்தில் போனதும் அவர் திருப்புளியை எடுத்து நான் பார்த்ததில்லை. முதலில் மோட்டார் சுவிட்சை அணைப்பார். அப்புறம், உட்கார்ந்து தைக்கும் பெண்ணிடம், "எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்பார்.

"நேத்து சாயந்திரத்திலேர்ந்து சத்தம் வேற மாதிரி இருக்கு பாய். தையல் இப்பத்தான் விடுது."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அவர் கைச்சக்கரத்தை மெதுவாகத் தன் பக்கம் சுற்றத் தொடங்குவார். ஊசி அடி வரைக்கும் இறங்கித் திரும்பும். இரண்டு மில்லிமீட்டர், கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவு மேலே ஏறும்போது ஊசியின் பின்பக்கம் நூல் லேசாகப் புடைத்து ஒரு வளையமாகும். சரியாக அந்த நேரத்தில், அடியில் சுற்றும் ஹூக்கின் நுனி வந்து வளையத்துக்குள் நுழைய வேண்டும். ஊசிக்கும் நுனிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. அதே சமயம் உரசவும் கூடாது. தொழிற்சாலைத் தையல் மிஷினின் மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு மில்லிமீட்டரைக் குற்றவாளியாக்கி ஹூக் டைமிங்கைக் கழற்றிப் போடுவதில் மெக்கானிக்குகளுக்கு ஒரு தனி ஆசை இருக்கிறது. வேலை தெரிந்தவன் மாதிரித் தெரியும் அல்லவா?

பெரும்பாலும் டைமிங் எங்கும் போயிருக்காது. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் சும்மா இளகுவதில்லை. காரணம் வேறாக இருக்கும். தோலை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தம் குறைந்து, ஊசி மேலே ஏறும்போது தோலும் கூடவே எழும்பும். தோல் எழும்பினால் வளையம் உருவாகாது. அல்லது கனத்த ஊசிக்காகப் போட்ட பெரிய துவாரத் தட்டை மாற்றாமல் மெல்லிய தோலைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். அல்லது சொல்யூஷன் காயாத அப்பர் வந்திருக்கும். பசை ஊசியில் கறுப்பாகப் படிந்து நூலை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். நூல்கூடக் காரணமாகலாம். முறுக்கு எதிர்ப்பக்கம் போன நூல் தைக்கத் தைக்கப் பிரிந்துகொண்டே போகும். பாய் இதையெல்லாம் பார்த்த பிறகு, ஊசி முனையில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, புது ஊசி போடுவார். பத்தில் ஏழு தடவை அதோடு முடிந்துவிடும். நான் எண்ணி வைத்த கணக்கு இல்லை, அவர் சொல்லும் கணக்கு.

ஊசி டப்பாக்களை அடுக்குவது என் வேலை. 100 என்று போட்டிருந்தால் தண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். பக்கத்திலேயே 16 என்று பழைய எண்ணும் இருக்கும். 110-க்கு 18, 140-க்கு 22. தோல் ஊசியின் முனை தீட்டிய விளிம்போடு இருக்கும், அறுத்துக்கொண்டு இறங்கும். கித்தானுக்கான ஊசி உருண்டை முனை, இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோல் ஊசியைக் கித்தானில் போட்டால் தையல் அழகாகத்தான் விழும். இழைகளை அறுத்துவிட்டிருக்கும் என்பது, இழுத்துக் கட்டும் அன்றைக்குத்தான் தெரியும்.

படுதா தைக்கும் கடைகளுக்கு நான் போனது பின்னால். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், தரையெல்லாம் கித்தான் விரித்துப்போட்டு வைத்திருப்பார்கள். மெழுகு ஏற்றிய துணி. அந்த மெழுகும் பஞ்சும் சேர்ந்து பாபின் கேஸுக்குள் கரியாக அடைந்துகொள்ளும். நாலு மடிப்பு சேரும் மூலையில் வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி நைலான் நூல் உருகி அறும். நூல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். மோட்டாரில் சின்ன புல்லி மாட்டி வேகத்தைக் குறைத்தால் போதும். இப்படிப்பட்ட கனத்த வேலைக்குத்தான் ஊசி, உள் பாதம், பல் மூன்றும் சேர்ந்து துணியை நகர்த்தும் மிஷின்கள் வந்தன. சிலவற்றில் நூல் சிக்கினால் ஹூக்கைத் தானே விடுவித்துக்கொள்ளும் கிளட்ச் இருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் டக்கென்று பழைய இடத்தில் உட்கார்ந்துவிடும். அது தெரியாமல் மிஷின் செத்துவிட்டது என்று மூலையில் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூர் ஹாலில் பாதி மிஷின்கள் போஸ்ட் பெட். தைக்கும் இடம் தட்டையாக இல்லாமல் தூண் மாதிரி எழும்பி நிற்கும். வளைந்த அப்பரை அதன் மேல் திருப்பித் திருப்பித் தைக்கலாம். ஜெர்மன் ஃபாஃப் மிஷின்களின் மேல் பாய்க்கு ஒரு மரியாதை உண்டு. பின்னாளில்தான் படித்தேன்: கைசர்ஸ்லாட்டர்னில் 1862-ல் தன் முதல் தையல் மிஷினைச் செய்த கியோர்க் மிக்கேல் ஃபாஃப், பித்தளை ஊதுவாத்தியங்கள் செய்துகொண்டிருந்தவர். அந்த முதல் மிஷினும் ஷூ தோலுக்காகத்தான். காது பழகின ஆள் செய்த மிஷின் என்று பாயிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கிறவரிடம் ஒரு சிங்கர் 29கே இருந்தது. கை மெல்லிசாக நீண்டிருக்கும், செருப்புக்குள்ளேயே நுழையும். பாதம் முழு வட்டமும் திரும்பும், எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் தோலை அதுவே இழுக்கும். 'கே' என்பது ஸ்காட்லாந்தின் கில்போவி. அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது, மிஷின் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டதைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை, யாரையும் தொடவிட்டதில்லை என்று அவர் சொன்னார். பாயும் தொடவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

1970-களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. அதன் பிறகு ஆம்பூர் மாதிரியான பாலாற்றங்கரை ஊர்களில் தோல் ஷூவாக மாறத் தொடங்கியது. ஆண்கள் தோல் பதனிட்ட அந்த ஊர்களில், குளோசிங் ஹால்களை நிரப்பியவர்கள் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். எட்டு மணி நேரம் ஒரே மிஷினில் உட்காரும் காலுக்கும் காதுக்கும் அதன் நோக்காடு எல்லாம் தெரியும். பழைய கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலுக்குள்ளும் ஹூக் உரசுவதை அவர்கள் பிரித்துக் கேட்டார்கள். சர்வோ மோட்டார் வந்ததும் மிதித்தால்தான் சத்தம். அப்போது, "பாபின் தீரப்போவுது" என்று எதிர் மிஷினின் பாபினைச் சொன்ன ஒரு அக்காவும் உண்டு. சரியாகத்தான் இருந்தது.

பழுதுப் பதிவேட்டில் மிஷின் எண், நின்ற நேரம், ஓடிய நேரம், மாற்றிய பாகம், மெக்கானிக்கின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. தைத்தவர் என்ன சொன்னார் என்பதற்கு இல்லை. பாய் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்: 'நேற்று மாலை சத்தம்.' ஆடிட்டுக்கு முன்னால் ஆபீஸில் அதை அழித்துவிடுவார்கள்.

இப்போதும் போன் வரும். போன வாரம் ஒரு படுதாக் கடை முதலாளி. மிஷின் வாங்கிய விலை, எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், யார் எதைக் கழற்றினார்கள் என்று எல்லாம் சொன்னார். அவர் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உக்காந்து தைக்கிறது யாரு?"

"அது நம்ம ஆளுதான். அவனுக்கு என்ன தெரியும்?"

"போனை அவர்ட்ட குடுங்கண்ணே."